பாடியும் மேனூத்தும்

அம்பத்தூர்ப் பக்கம் வாழ்வோருக்கு 'லூகாஸ்' என்பது முதலில் ஒரு பேருந்து நிறுத்தம். பிறகே ஒரு தொழிற்சாலை. 1961இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் பாடியில் மோட்டார் வாகனங்களுக்கான மின் கருவிகளைச் செய்து வருகிறது. அவ்வகைக் கருவிகளுள் ஒன்றான இக்னிஷன் காயிலின் மூதாதையைத் தேடிப் போனால், அயர்லாந்து நாட்டுக் குருமடம் ஒன்றில், குருவானவர் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் போய் நிற்போம்.

அவர் பெயர் நிக்கோலஸ் காலன். 1799இல் பிறந்தவர். உரோமையில் பயின்று, 1826 முதல் மேனூத் குருமடத்தில் இயற்பியல் கற்பித்தார். புனித அல்போன்ஸ் லிகோரியாரின் நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே.

1831 ஆகஸ்டில், இலண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பி சுற்றினார். ஒரு சுற்றில் மின்சாரம் பாய்ச்சிய கணத்தில் மற்றதனோடு இணைத்த முள் துடித்தது. நிறுத்திய கணத்தில் மீண்டும் துடித்தது. இடையில், மின்சாரம் சீராக ஓடிக்கொண்டிருந்தபோது, முள் அசையவே இல்லை. காந்தப் புலம் இருந்தால் போதாது; அது மாறவேண்டும்.

காலன் அந்த மாற்றத்தையே பற்றிக்கொண்டார். 1836இல் குதிரைலாட வடிவ இரும்பின்மேல் தடித்த கம்பியைச் சில சுற்றுகளும், மெல்லிய கம்பியை மிகப் பல சுற்றுகளும் சுற்றினார். தடித்த கம்பியில் ஓடிய மின்சாரத்தைத் திடீரெனத் துண்டித்ததும் மெல்லிய கம்பியில் பெரும் மின்னழுத்தம் எழுந்தது. எவ்வளவு விரைவாகத் துண்டிக்கிறோமோ அவ்வளவு வலிமை. கடிகாரப் பொறியைக் கொண்டு நொடிக்குப் பலமுறை துண்டித்து, 15 அங்குலத் தீப்பொறியை எழுப்பினார் என்பர்.

வோல்ட் அளக்கக் கருவியில்லாத காலம் அது. ஆகவே மாணவர்களைத் தொடச் சொல்லி அளந்தார்! பின்னாளில் டப்ளின் பேராயரான வில்லியம் வால்ஷ் அதில் மயங்கி விழுந்ததாகவும், அதன்பின் குருமட நிர்வாகம் தடுக்க, காலன் வான்கோழிகளுக்கு மாறியதாகவும் சொல்வர். வான்கோழிகளின் கருத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1837இல் அவருடைய கருவியின் படி ஒன்று இலண்டனில் காட்டப்பெற்றது. ஆயினும் பெயர் நிற்கவில்லை. 1850களில் பாரிஸ் நகரக் கருவி வினைஞர் ரூம்கோர்ஃப் அதனைச் செம்மைப்படுத்தி விற்றார். மூன்றாம் நெப்போலியனிடம் 50,000 பிராங்க் பரிசும் பெற்றார். பாடநூல்களில் அது 'ரூம்கோர்ஃப் சுருள்' ஆயிற்று. ரூம்கோர்ஃப் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. ஆனால் மூலக் கருத்து அவருடையதன்று. இறையியல் பயிலும் இடத்தில் மின்கலமும் கம்பியும் வேடிக்கையாகவே எண்ணப்பட்டன என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். காலனை மறந்தவர்களுள் முதல்வர் அவர் வீட்டாரே. 1864இல் அவர் இறந்தார்.

பழைய அம்பாசிடர் காரின் மூடியைத் திறந்து 'பாயிண்ட்' தேய்த்த மெக்கானிக்குகளை நம்மில் மூத்தோர் பார்த்திருப்போம். அந்த முனைகள் பிரியும்போதெல்லாம் காயிலின் மின்சாரம் அறுபடும்; 12 வோல்ட் பல ஆயிரமாகித் தீப்பொறி பறக்கும். கடிகாரப் பொறி செய்த வேலையை இங்கே எஞ்சின் செய்தது. இன்று அந்த முனைகளுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர் துண்டிக்கிறது. பெட்ரோல் வண்டிகளில் காயில் மட்டும் இன்னும் இருக்கிறது. மின்கலத்தில் ஓடும் வண்டிகளுக்கோ அதுவும் தேவையில்லை.

காலனின் சுருள்களை மேனூத் அருங்காட்சியகத்தில் காணலாம்.