முதலில் சட்டம், பிறகு மை



பிரிக்பீல்ட்ஸில் பதிவான நமது கலந்துரையாடலின் முடிவில், கிள்ளானிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "தம்பி, ஓட்டுப் போட மை வரட்டும், மெஷின் வரட்டும். அதற்குக் கை தூக்குகிற நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியுமா?" என்று கேட்டார். நேரம் முடிந்துவிட்டது. அன்று சொல்ல இயலாத பதிலை வரலாற்றிலிருந்து இங்கே தருகிறேன்.

நம் நாட்டின் 12ஆவது பொதுத்தேர்தல் 2008 மார்ச் 8ஆம் நாள் நடந்தது. ஒருவரே இருமுறை வாக்களிப்பதைத் தடுக்க அழியா மை பயன்படுத்தப்படும் என்று தேர்தல் ஆணையம் முன்பே அறிவித்திருந்தது. இந்தியாவிலிருந்து மையும் வந்து சேர்ந்தது. ஆனால், வாக்களிப்புக்கு நான்கு நாள் இருக்கையில், மார்ச் 4ஆம் நாள், திட்டம் கைவிடப்பட்டது. விரலில் மை இருப்பதைக் காரணம் காட்டி, பதிவு பெற்ற வாக்காளரைத் திருப்பி அனுப்ப அரசியலமைப்பில் இடமில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பொருள் வந்துவிட்டது, சட்டம் வரவில்லை.

இதே இடறல் கேரளத்தில் முன்பே நேர்ந்தது. 1982இல் பரவூர் சட்டமன்றத் தொகுதியின் 50 வாக்குச் சாவடிகளில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வைக்கப்பட்டது. 123 வாக்குகளில் தோற்ற வேட்பாளர் நீதிமன்றம் சென்றார். இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த 50 சாவடிகளில் வாக்குச் சீட்டைக் கொண்டு மறுவாக்குப்பதிவு நடந்தது, முடிவும் மாறியது. 1988இல்தான் இந்திய நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இந்த இயந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர், நமக்கெல்லாம் தெரிந்த எழுத்தாளர் சுஜாதா. நல்ல பொறியாளர்கள் இருந்தும், சட்டம் பின்தங்கியதால் ஆண்டுகள் வீணாயின.

மீண்டும் நம் நாட்டுக்கு வருவோம். 2011 ஜூலை 9ஆம் நாள் கோலாலம்பூரில் நடந்த பெர்சே பேரணிக்குப் பிறகு, அரசாங்கத் தரப்பும் எதிர்த்தரப்பும் இடம்பெற்ற 9 பேர் கொண்ட நாடாளுமன்றத் தெரிவுக் குழு அமைந்தது. பொதுமக்களின் கருத்துகளைக் கேட்டு, 2012 ஏப்ரலில் 22 பரிந்துரைகளை அது தாக்கல் செய்தது. அழியா மையும் ஏற்கப்பட்டு, 2013 மே 5ஆம் நாள் பொதுத்தேர்தலில் முதன்முறையாக விரல்களில் ஏறியது.

இம்முறை விதி இருந்தது, மை நிற்கவில்லை. கழுவினால் போகிறது என்று பலர் புகார் செய்தனர். மையில் இருந்தது உணவுச் சாயம்தான் என்ற விளக்கம் பின்னர் நாடாளுமன்றத்தில் தரப்பட்டது. அழியா மை தோலில் நிலைப்பதற்குக் காரணமே அதிலுள்ள சில்வர் நைட்ரேட். "அது எவ்வளவு இருக்கிறது? யார் சோதித்தார்கள்?" என்று தேர்தலுக்கு முன்பே ஓர் உறுப்பினர் கேட்டு, பதிலையும் வாங்கியிருந்தால்?

2021 டிசம்பர் முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறார்கள். 2018இல் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர்கள், 2022இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டினர். இத்தனை பெயர்களையும் காப்பது கணினிதான். நாளை வாக்குச் சீட்டுக்குப் பதில் இயந்திரம் வேண்டும் என்ற பேச்சும் எழலாம்.

ஆகவே பெரியவரே, நம் உறுப்பினர்கள் பொறியாளர்களாக இருக்க வேண்டியதில்லை. தெரிந்தவர்களை அழைத்து, வாங்குவதற்கு முன் கேட்கத் தெரிந்தால் போதும். அடுத்த முறை உங்கள் உறுப்பினர் கிள்ளானுக்கு வரும்போது, அன்று என்னிடம் கேட்ட கேள்வியை அவரிடமே கேளுங்கள்.