டாம் ஃபின்னியின் பணிப்பதிவேடு

எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷனில் உட்கார்ந்து முப்பது வருடம் மற்றவர்களின் எஸ்.ஆர். எழுதியவன் நான். ஓய்வு பெறப் போகிறவரின் பதிவேட்டைப் புரட்டினால் என் கண் முதலில் தேடுவது பணிமுறிவைத்தான். சில மாத இடைவெளி ஒழுங்காக வரன்முறை செய்யப்படாததால் பென்ஷன் குறைந்துபோய், மேசை முன் நின்று கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. யாருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்தாலும் வருடங்களைக் கூட்டிப் பார்ப்பேன்.

போன மாதம் பேரன் செல்போனில் ஒரு சிலையைக் காட்டினான். தண்ணீர் இருபுறமும் தெறிக்க ஒரு கால்பந்து வீரர் பந்தோடு பாய்கிறார். "யார் தாத்தா இவர்?" என்றான். நான் இளவயதில் விளையாட்டுப் பக்கங்களில் படித்த பெயர்தான். சர் டாம் ஃபின்னி. 1956-ல் மழைநீர் தேங்கிய மைதானத்தில் எடுத்த புகைப்படத்தை வைத்து அந்தச் சிலையைச் செய்தார்கள். பேரன் அடியில் இருந்ததைப் படித்தான்: பிறப்பு 1922, லீக் ஆட்டங்கள் 1946 முதல் 1960 வரை. என் கை தானாகக் கணக்குப் போட்டது. பதினேழு, பதினெட்டிலேயே களம் இறங்கும் தொழிலில் 24 வயது வரை இந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்?

வடக்கு இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்ற ஊர். அங்குள்ள பிரெஸ்டன் நார்த் எண்ட் கிளப்பின் டீப்டேல் மைதானத்துக்குப் பக்கத்தில்தான் ஃபின்னி பிறந்தார். கிளப் அவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தபோது அப்பா ஒரு நிபந்தனை போட்டார். முதலில் பிளம்பர் வேலையை முழுதாகக் கற்றுக்கொள்ள வேண்டும், பந்து அப்புறம். பையன் கட்டுப்பட்டான்.

1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போரை அறிவித்தது. லீக் தொடங்கி ஒவ்வொரு அணியும் இரண்டு மூன்று ஆட்டமே ஆடியிருந்தது. லீக்கை நிறுத்தி, ஆடிய ஆட்டங்களையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1940 ஜனவரியில், 17 வயதில், ஃபின்னி தொழில்முறை வீரராகக் கையெழுத்திட்டார். ஆனால் அப்போது இருந்தது போர்க்காலப் போட்டிகள் மட்டுமே. 1941 மே மாதம் வெம்ப்ளியில் போர்க்காலக் கோப்பை இறுதி ஆட்டம். அர்செனலுக்கு எதிராக 1-1. மறு ஆட்டத்தில் பிரெஸ்டன் 2-1 என வென்றது. 19 வயதுப் பையனுக்கு எப்பேர்ப்பட்ட வெற்றி! அதிகாரபூர்வப் புள்ளிவிவரத்தில் அதற்கு ஒரு வரிகூட இடமில்லை.

1942-ல் ராணுவ அழைப்பு வந்தது. கவசப் படையில் சேர்த்து எகிப்துக்கு அனுப்பினார்கள். பிறகு இத்தாலி. 1945 ஏப்ரலில் ஆர்ஜெந்தா பகுதியில் நடந்த கடைசிக்கட்டச் சண்டையில் டாங்கி ஓட்டினார். 1946 ஆகஸ்ட் 31 அன்று லீக் மறுபடி தொடங்கியபோதுதான் அவருடைய முதல் அதிகாரபூர்வ ஆட்டம். அடுத்த மாதமே இங்கிலாந்து அணியில் இடம். பெல்ஃபாஸ்டில் அயர்லாந்துக்கு எதிராக 7-2 வெற்றி, அதில் அவருடைய கோலும் ஒன்று.

அதன்பின் 14 வருடம் ஒரே கிளப். லீக்கில் 433 ஆட்டம், 187 கோல். நாட்டுக்காக 76 ஆட்டம், 30 கோல். ஆனால் பெரிய கோப்பை எதுவும் கைக்கு வரவில்லை. 1953-ல் அர்செனலும் பிரெஸ்டனும் சம புள்ளிகள். கோல் சராசரியில் பட்டம் அர்செனலுக்குப் போனது. 1954 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் 3-2 எனத் தோல்வி.

பணமும் அப்படித்தான். 1952-ல் இத்தாலியின் பலேர்மோ கிளப் பத்தாயிரம் பவுண்டு முன்பணம், மாதம் 130 பவுண்டு, வீடு, கார் என்று கூப்பிட்டது. இங்கிலாந்தில் அப்போது வாரச் சம்பள உச்சவரம்பே 14 பவுண்டு. கிளப் விட மறுத்துவிட்டது. அந்தக் கால விதிப்படி கிளப் விடாமல் வீரர் நகர முடியாது. அவர் பேசாமல் பிரெஸ்டனுக்கே ஆடினார், கூடவே குழாய் வேலைத் தொழிலையும் நடத்தினார். 1960-ல் ஓய்வு பெற்றார். 1961 ஜனவரியில் சம்பள உச்சவரம்பை நீக்கினார்கள். பே கமிஷன் வருவதற்குச் சற்று முன்பு ரிட்டயர் ஆன நம் நண்பர்களின் முகங்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

"பாவம் தாத்தா, ஆறு வருடம் வீணாகப் போச்சே" என்றான் பேரன். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உடனே ஹாரி காஸ்லின் நினைவுக்கு வந்தார். போல்டன் வாண்டரர்ஸ் அணியின் கேப்டன். 1939 ஏப்ரலில், போர் தொடங்கும் முன்பே, மைதானத்தில் கூடியிருந்த ரசிகர்களிடம் நாட்டுக்காக முன்வரச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை, தன் சக வீரர்களுடன் தானும் பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1943 டிசம்பரில் இத்தாலியில் காயம்பட்டு இறந்தார். ஃபின்னிக்கு நேர்ந்தது பணிமுறிவு. காஸ்லினுக்கோ பணிக்காலத்தில் மரணம். இரண்டையும் எழுதிய கைக்கு வித்தியாசம் தெரியும்.

ஃபின்னி 2014 பிப்ரவரியில் தம் 91-வது வயதில் காலமானார். பேரனிடம் ஒரு காகிதம் வாங்கி, "1940 முதல் 1946 வரை: போர்க்கால ஆட்டங்களும் ராணுவ சேவையும். தகுதியுள்ள பணிக்காலமாகக் கொள்ளலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் சிரித்தான், ஆனால் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறான்.

உங்கள் அப்பாவோ தாத்தாவோ அந்தப் போருக்குப் போய், பாதியில் நின்ற படிப்பையோ வேலையையோ திரும்பி வந்து தொடர்ந்திருந்தால், அந்த இடைப்பட்ட வருடங்களை நீங்களாவது எழுதி வையுங்கள்.