அலைவடிவ இலக்கமாக்கி

அலைவடிவ இலக்கமாக்கி என்பது, கம்பியின் வழியே வந்து, ஒரு நொடியைக் கோடியாகப் பகுத்தால் அதில் இரண்டொரு பங்கு காலத்துக்குள் மறைந்துவிடும் மின்துடிப்பின் உருவத்தைப் பல க்ஷணங்களில் தொடர்ந்து அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக மாற்றிச் சேமித்துவைக்கும் மின்னணு உபகரணமாகும். பரிசோதனைச் சாலைகளில் இதை டிஜிட்டைசர் என்றே வழங்குவர். துடிப்பின் உயரத்தை மட்டுமோ, அது வந்த நேரத்தை மட்டுமோ அறிவிக்கும் கருவிகள் வேறு உண்டு. துடிப்பு எவ்வாறு எழுந்தது, எவ்வாறு தணிந்தது, அதன் தோளின்மேல் இன்னொரு சிறு துடிப்பு ஏறியிருந்ததா என்ற செய்திகளையெல்லாம் குலையாமல் காத்துத் தருவது இதுவே. இதன் சரித்திரத்தைப் பயில்வோர்க்கு ஓர் உண்மை புலப்படும்: வேகத்தைப் பெறுவதற்கு ஒவ்வொரு தலைமுறையும் கையாண்ட உபாயமே அத்தலைமுறைக் கருவியின் பிழைக்கும் பிறப்பிடமாயிற்று. ஆதலால், பிழையைத் திருத்தப் புகுவோர் கருவி பிறந்த விதத்தை அறிந்தே ஆகவேண்டும்.

பிரான்ஸில் அந்திரே பிளோந்தெலும் இங்கிலாந்தில் வில்லியம் டடெலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த அலைவுப் பதிவிகளில், மின்னோட்டத்துக்கேற்ப அசைந்த சிறு கண்ணாடி ஒன்று ஒளிக்கதிரைத் தாளின்மேல் வீசி அலையின் உருவை வரைந்தது. ஆனால் கண்ணாடிக்கு எடையுண்டு. எடையுள்ள பொருளுக்கு வேகத்தில் ஓர் எல்லையுண்டு. 1897-ல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஃபெர்டினாண்ட் பிரவுன் அமைத்த கதோட் கதிர்க் குழலில், எடை மிகச் சிறிதான எலெக்ட்ரான் கற்றையே எழுதுகோலாயிற்று. அதன் பின்னர் நெடுங்காலம்வரை, ஆசிலாஸ்கோப்பின் திரைக்கு முன் புகைப்படக் கருவியை நிறுத்திப் படம்பிடித்து, பிலிமைக் கழுவி, துடிப்பின் உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதுவதே ஆராய்ச்சியாளரின் வழக்கமாக இருந்தது. அது பொறுமையான தொழில். ஒரு நாளில் சில நூறு படங்களை அளப்பதே பெரிய காரியம்.

அலையை எண்களாக்கலாம் என்ற எண்ணம் முதலில் தோன்றியது பௌதிகப் பரிசோதனைக்காக அன்று, தொலைபேசிக்காக. பாரிஸில் பணிபுரிந்த ஆங்கிலேயரான அலெக் ரீவ்ஸ், நெடுந்தொலைவு செல்லும் பேச்சில் இரைச்சல் சேர்ந்துகொண்டே போவதைத் தடுக்க, பேச்சின் அலையை இடைவிட்டு அளந்து எண்களாக அனுப்பும் முறைக்கு 1938-ல் பிரெஞ்சுக் காப்புரிமை கோரினார். எத்தனை முறை அளந்தால் அலையின் உருவம் கெடாது என்பதற்கு, அலையிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேல் அளக்கவேண்டும் என்ற விதியை, நைக்விஸ்ட், கொத்தெல்னிகோவ் முதலியோர் முன்னரே கண்டிருந்ததை ஒட்டி, 1949-ல் கிளாட் ஷானன் ஐயத்துக்கிடமின்றி நிறுவினார். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றுவது இவ்விதி மீறப்பட்டதன் விளைவே. இலக்கமாக்கியிலும் அவ்வாறே, அளவை போதாத இடத்தில் இல்லாத மெல்லலை ஒன்று உண்மைபோல் வந்து நிற்கும். ஒருமுறை எண்ணாகிவிட்ட பின் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை என்பதால், கருவிக்குள் புகுமுன்னரே உயர் அதிர்வெண்களை வடிகட்டியால் தடுக்கவேண்டும்.

பெல் ஆய்வுச்சாலையைச் சேர்ந்த சியர்ஸ் 1948-ல் விவரித்த குழல் இத்துறையின் அழகிய சிருஷ்டிகளுள் ஒன்று. அதில் எலெக்ட்ரான் கற்றை, துளைகள் வரிசையாக இடப்பட்ட தகடு ஒன்றின்மேல் விழும். மின்னழுத்தத்துக்கேற்பக் கற்றை மேலும் கீழும் நகர, அது நிற்கும் வரிசையிலுள்ள துளைகளே ஏழு இலக்கங்களாக வெளிப்படும். இதில் ஒரு பெருங்குறை இருந்தது. 63-லிருந்து 64-க்கு மாறும்போது சாதாரண இரட்டை எண்முறையில் ஏழு இலக்கங்களும் ஒருங்கே மாறவேண்டும்; கற்றை இரு வரிசைகளுக்கும் நடுவே மயிரிழை அளவு தவறி நின்றாலும், வரும் எண் அண்டை எண்ணாக இராமல் எங்கோ தொலைவிலுள்ள எண்ணாகிவிடும். ஃபிராங்க் கிரே இதற்குக் கண்ட பரிகாரம், அடுத்தடுத்த எண்களில் ஓர் இலக்கம் மட்டுமே மாறும் குறிமுறை. அதன் பிறகு, தவறு நேர்ந்தாலும் அது ஒரு படிக்கு மேல் போவதில்லை. குழல் மறைந்துவிட்டது, குறிமுறையோ இன்றும் வாழ்கிறது.

அணுக்கருப் பௌதிகத்துக்கு வேறொரு வழி கிட்டியது. கேம்பிரிட்ஜில் டெனிஸ் வில்கின்சன் 1950-ல் வெளியிட்ட முறையில், துடிப்பின் உச்சம் வரை ஒரு மின்தேக்கி நிரப்பப்பட்டு, பின் சீரான ஓட்டத்தில் வடிக்கப்படும். வடிந்து முடியும்வரை கடிகாரத் துடிப்புகளை எண்ணினால் அந்த எண்ணிக்கையே உயரத்தின் அளவு. மெதுவான முறைதான், எனினும் படிக்குப் படி சமமாயிருப்பதில் அதற்கு இணை அரிது. 1954-ல் பெர்னார்ட் கார்டன் எப்ஸ்கோ நிறுவனத்தின் வாயிலாக விற்பனைக்குக் கொணர்ந்த டாட்ராக் என்ற வெற்றிடக் குழல் யந்திரம், நொடிக்கு 50,000 அளவைகளை 11 பிட் நுட்பத்தோடு எடுத்தது. அதன் எடை ஏறக்குறைய 68 கிலோ, அது உண்ட மின்திறன் 500 வாட்.

1970-களின் இறுதியில் சிலிக்கான் சில்லுகள் வந்ததும், 8 பிட்டுக்கு 255 ஒப்பீட்டுச் சுற்றுகளை ஏணிப்படிபோல் அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே க்ஷணத்தில் தீர்ப்புச் சொல்லவைக்கும் முறை பரவிற்று. வேகம் பெருகியது, ஆனால் ஏதேனும் ஓர் ஒப்பீட்டுச் சுற்று ஆம், இல்லை என்று துணியமுடியாமல் தயங்கிய வேளையில், சீரான அலையின் நடுவே தீப்பொறிபோல் ஒரு தவறான எண் தெறித்தது. சியர்ஸின் குழலைப் பீடித்த நோயே இதுவும். கிரேயின் மருந்தே இதற்கும் உதவிற்று.

அளப்பதை விரைவாகவும், எண்ணாக்குவதை ஆறுதலாகவும் செய்யலாமே என்ற யோசனையில் பிறந்தவை மின்தேக்கி வரிசைகள். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிலையத்தில் ஸ்டெஃபான் ரிட் வடிவமைத்த டி.ஆர்.எஸ்.4 சில்லில், ஒவ்வொரு வழியிலும் 1,024 நுண்ணிய மின்தேக்கிகள் வட்டமாக நிற்க, அவற்றின் வாயில்கள் நொடிக்கு 500 கோடி முறை வரையிலான வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடும். வேண்டிய சம்பவம் நேர்ந்ததென்ற டிரிகர் வந்ததும் ஓட்டம் நின்று, தேங்கிய அளவுகள் மெதுவாக வாசிக்கப்படும். இங்கே பிழையும் அவ்வழியே வந்தது. ஆயிரம் மின்தேக்கிகளும் உருவத்தில் ஒன்றேபோல் இருப்பினும், எவையும் தம்முள் முற்றிலும் சமமல்ல. வாயில்கள் திறக்கும் இடைவெளிகளும் சில நீண்டும் சில குறுகியும் அமைகின்றன. ஆகவே, மாறா மின்னழுத்தம் ஒன்றைக் கொடுத்து ஒவ்வொரு கலத்தின் விலகலையும், அதிர்வெண் தெரிந்த சைன் அலையைக் கொடுத்து ஒவ்வோர் இடைவெளியின் நீளத்தையும் கண்டு, அவற்றைக் கழித்தே உபயோகிக்கவேண்டும். ஒரு வேகத்தில் செய்த திருத்தம் மற்றொரு வேகத்துக்குப் பொருந்தாது. வெப்பநிலை மாறினாலும் மீண்டும் செய்வது நலம்.

திரையில் வெறும் நேர்கோடு மட்டும் தெரிகிறதென்றால் சில்லைச் சந்தேகிக்குமுன் டிரிகரைச் சந்தேகிக்கவேண்டும். மேற்சொன்ன உச்ச வேகத்தில் நினைவில் நிற்பது ஏறக்குறைய 205 நானோநொடி மட்டுமே. டிரிகர் 300 நானோநொடி தாமதித்து வருமாயின், துடிப்பு அதற்குள் அழிந்து, அதன்மேல் வேறெழுதப்பட்டிருக்கும். துடிப்புக்குப் பின்னால் அதன் நிழல்போல் இன்னொன்று தோன்றினால், கேபிளின் முடிவில் 50 ஓம் தடை ஒழுங்காக இல்லை என்று கொள்ளலாம். கேபிளில் துடிப்பு மீட்டருக்குச் சுமார் 5 நானோநொடி எடுத்துக்கொள்வதால், 2 மீட்டர்க் கேபிளின் எதிரொலி 20 நானோநொடி கழித்து வரும். நீளமான கேபிளை மாற்றி இணைத்து, நிழலும் தள்ளிப்போகிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

கையால் தொடமுடியாத இடத்தில் இக்கருவி பணிபுரியும் அற்புதத்தைத் தென்துருவத்தில் காணலாம். 2010 டிசம்பரில் நிறைவெய்திய ஐஸ்கியூப் நிலையத்தில், வெந்நீரால் துளைத்த 86 குழிகளில், 1,450 மீட்டர் முதல் 2,450 மீட்டர் வரை ஆழத்தில் 5,160 கண்ணாடிக் கோளங்கள் பனியோடு உறைந்து கிடக்கின்றன. நியூட்ரினோ பனியில் மோதும்போது பிறக்கும் நீல ஒளியை ஒவ்வொன்றிலுமுள்ள ஒளிபெருக்கிக் குழல் துடிப்பாக்க, ஸ்டூவர்ட் கிளைன்ஃபெல்டர் பெர்க்லியில் வடிவமைத்த மின்தேக்கிச் சில்லு நொடிக்குச் சுமார் 30 கோடி முறை வீதம் 128 அளவைகளைப் பற்றுகிறது. பின் அவற்றை எண்ணாக்குவது, கேம்பிரிட்ஜில் 1950-ல் தோன்றிய அதே வில்கின்சன் முறை. எண்ணாக்க ஏறத்தாழ 29 மைக்ரோநொடி பிடிப்பதால், அவ்வேளையில் வரும் ஒளி தவறாதிருக்க, ஒவ்வொரு கோளத்திலும் இரு சில்லுகள் முறைவைத்து உழைக்கின்றன.

அங்கும் ஒரு குறை வெளிப்பட்டது. குழலையும் மின்சுற்றையும் இணைக்கும் வளைய மின்மாற்றி, நீண்ட துடிப்புகளைத் தாங்கமாட்டாமல் கோட்டைச் சரியவிட்டு, துடிப்பு முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கியது. பின்னர் இறக்கிய கோளங்களில் மேலான மின்மாற்றிகள் பொருத்தப்பட்டன. முன்னரே உறைந்துவிட்டவற்றை எடுக்கவோ மாற்றவோ இயலாது. சரிவு எந்த வெப்பநிலையில் எவ்வளவு என்பதை அளந்தறிந்து, பனிக்கடியிலிருந்து வரும் ஒவ்வோர் அலைவடிவிலும் அச்சரிவைக் கணித நிரல் கூட்டி நிமிர்த்துகிறது.