சாவியைத் திருப்பாத மனிதன்

1983 ஜூன் 4, சனிக்கிழமை. அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் கேம்ப் டேவிட் ஓய்வில்லத்தில் ஒரு படம் பார்த்தார். முந்திய நாள்தான் திரைக்கு வந்த 'வார்கேம்ஸ்'. பாடசாலை மாணவன் ஒருவன் விளையாட்டு நிறுவனமொன்றின் கணினி என்று நினைத்துக்கொண்டு, தொலைபேசி இணைப்பு வழியாக இராணுவத்தின் அணுவாயுதக் கணினிக்குள் நுழைந்துவிடுகிறான். யுத்த விளையாட்டைத் தொடக்கியும் விடுகிறான். விளையாட்டுக்கும் நிஜத்துக்கும் உள்ள பேதம் அந்தக் கணினிக்குத் தெரியாது.

(அதே பையன் தன் புள்ளிகளை மாற்றப் பாடசாலைக் கணினிக்குள்ளும் நுழைகிறான். கடவுச்சொல்லை அலுவலகத்திலேயே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆசிரியர்களான நாம் அந்தக் காட்சிக்குச் சிரிப்பதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.)

சில நாட்களில் வெள்ளை மாளிகைக் கூட்டமொன்றில் ரீகன் படத்தின் கதையை விலாவாரியாகச் சொல்லிவிட்டு, கூட்டுப்படைத் தலைவர் ஜெனரல் ஜோன் வெசியிடம் இப்படி உண்மையில் நடக்குமா என்று கேட்டார். ஒரு வாரம் கழித்து வெசி பதிலோடு வந்தார்: நாம் நினைப்பதைவிட நிலைமை மோசம். 1984 செப்டெம்பரில் கணினிப் பாதுகாப்புப் பற்றிய ஜனாதிபதிப் பணிப்புரை வெளியானது.

உண்மையில் படத்துக்கு முன்பே இப்படி நடந்திருந்தது. 1979 நவம்பர் 9ஆம் திகதி, பயிற்சிக்கான தாக்குதல் தரவுகள் அமெரிக்க எச்சரிக்கைக் கணினியில் நிஜத் தாக்குதலாகத் தோன்றின. 1980 ஜூனில் மீண்டும் ஒரு பொய் எச்சரிக்கை. காரணம், 46 சதம் பெறுமதியான ஒரு சிறு சில்லு.

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யில் கணினி மனிதர்களைக் கொல்கிறது. 'கொலோசஸ்' படத்தில் கணினி உலகையே ஆளப் பார்க்கிறது. 'வார்கேம்ஸ்' கணினிக்கு அப்படி எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அதனிடம் பொறுப்பைக் கொடுத்தது யார் என்பதைப் படத்தின் முதற்காட்சியே காட்டிவிடுகிறது. நிலத்தடி ஏவுதளத்தில் இரண்டு அதிகாரிகள். ஏவும்படி கட்டளை வருகிறது. மூத்தவரால் சாவியைத் திருப்ப முடியவில்லை. அது வெறும் சோதனைதான். நூற்றுக்கு 22 தடவை ஏவுகணை ஏவப்படவில்லை என்று மேலிடம் கணக்குப் போடுகிறது. தயங்கும் மனிதனைக் குறைபாடாகக் கண்டு, அவனை நீக்கிவிட்டுக் கணினியை வைக்கிறார்கள். நமக்கு முழுப்படத்திலும் பயங்கரமான இடம் அதுதான்.

படம் வெளிவந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. செப்டெம்பர் 26, நள்ளிரவு கடந்த நேரம். மூன்று வாரங்களுக்கு முன்னர்தான் சோவியத் படை கொரியப் பயணிகள் விமானமொன்றைச் சுட்டு வீழ்த்தியிருந்தது. இரு வல்லரசுகளும் ஒன்றையொன்று சந்தேகித்துக்கொண்டிருந்தன. மொஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 நிலையத்தில் லெப்டினன்ட் கேர்ணல் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் கடமையில் இருந்தார். அமெரிக்கா ஓர் ஏவுகணையை ஏவிவிட்டதாகக் கணினி அறிவித்தது. பிறகு இன்னும் நான்கு. பதிலடி கொடுப்பது அவர் கையில் இல்லை, மேலிடத்துக்கு அறிவிப்பதே அவர் வேலை. ஆனால் ஐந்தே ஐந்து ஏவுகணைகளோடு யாராவது அணுயுத்தம் தொடங்குவார்களா? பெத்ரோவ் அதைப் பொய் எச்சரிக்கை என்றே அறிவித்தார். உயரத்து மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செய்மதி ஏவுகணை என்று எடுத்துக்கொண்டதாகப் பின்னர் தெரியவந்தது.

பெத்ரோவுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் பதிவேட்டை ஏன் நிரப்பவில்லை என்று விசாரித்தார்கள். ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் உள்ளகத் தொடர்புக் கருவி, தனக்கு மூன்றாவது கை இல்லை என்றாராம் அவர்.