ஆலை மூடிய பின் யெஸ்டி

செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்திடம் உரிமம் பெற்று, மைசூரின் ஐடியல் ஜாவா ஆலை 1961இல் மோட்டார் சைக்கிள் உற்பத்தியைத் தொடங்கியது. எழுபதுகளில் வண்டியின் பெயர் யெஸ்டி என்றாயிற்று. 1996இல் ஆலை மூடப்பட்டது. தொழில் வரலாறு எழுதுவோர் இவ்விடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். நம் பார்வையில் சுவையான பகுதி இதன் பின்னரே தொடங்குகிறது.

உதிரிபாகம் அனுப்ப ஆலை இல்லை, வண்டிகள் ஓடின. அதற்கான காரணம் வண்டியின் எளிய அமைப்பிலேயே இருந்தது. இரண்டு வீச்சு எஞ்சின், வால்வுகள் கிடையா. உயவெண்ணெயைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்றவேண்டும். அது எரிந்த கரி சைலன்சருக்குள் படியப் படிய இழுவை குறையும். உள்குழலை உருவி, நெருப்பில் சுட்டுத் தட்டினால் கரி உதிர்ந்துவிடும். (250 சி.சி. வண்டியில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு புகைக்குழாய்கள்; அழகுக்குக் கொடுத்த விலை, இரட்டிப்பு வேலை!) பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்வதும் வீட்டு வாசலிலேயே முடிகிற காரியம்தான். கியர் நெம்புகோலை உள்ளே அழுத்தி நிமிர்த்தினால் அதுவே உதைத்துக் கிளப்பும் நெம்புகோலாகிவிடும் என்பதைப் புதியவர் தாமாகக் கண்டுபிடிப்பது கடினம். பழையவர் ஒருவர் அருகில் நின்று காட்டவேண்டும். பாட்டும் வைத்தியமும் கைமாறிய அதே வழியில் இந்த அறிவும் கைமாறியது.

ஜூலை இரண்டாம் ஞாயிறு தோறும் ஜாவா தினத்தன்று கூடும் வண்டிக்காரர்களிடம் இந்தப் பரிமாற்றத்தை இன்றும் காணலாம்.

2018இல் ஜாவாவும் 2022இல் யெஸ்டியும் சந்தைக்குத் திரும்பின. புதியவை நான்கு வீச்சு எஞ்சின்கள். எரிபொருளை மின்னணுக் கருவி அளந்து செலுத்துகிறது. கரி தட்டிய கைகளுக்கு அவற்றில் வேலை இல்லை.