புயல்

இன்று பெருங்காற்றைக் குறிக்கும் ‘புயல்’, பழந்தமிழில் மேகத்தையும் மழையையும் குறித்தது. 14-ஆம் குறளில் உழவர் நம்பியிருக்கும் மழைக்கே இப்பெயர். சுழன்றடிக்கும் காற்றுக்குச் சூறை, சூறாவளி (சூறை + வளி) எனத் தனிப்பெயர்கள் உண்டு. இப்போதைய வானிலைத் துறை வழக்கில், கடலில் உருவான காற்றுச்சுழல் மணிக்கு 62 கி.மீ. வேகத்தை எட்டினால் புயல். அட்லாண்டிக்கில் இதன் முற்றிய வடிவமே ஹரிக்கேன்.

கடற்கரையில்லாத பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்குப் புயல் பெரும்பாலும் பழம்பொருளிலேயே வருகிறது. கரை கடந்தபின் காற்று தளரும், மழை தொடரும். 1956 நவம்பரில் கனமழையால் பெருகிய மருதையாறு அரியலூர் ரயில் பாலத்தைச் சிதைத்தது. அங்கு ரயில் கவிழ்ந்த விபத்தையடுத்து ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். எனவே புயல் மழையின்போது வெள்ளம் புரளும் தரைப்பாலத்தைக் கடக்காதீர்கள். அறுந்த மின்கம்பியை நெருங்காதீர்கள். மாவட்ட உதவி எண் 1077.