மீனம்பாக்கம் – ஹீத்ரோ: ஆகாய தூரமும் பிரயாண நேரமும்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் லண்டன் ஹீத்ரோ நிலையத்துக்கும் இடையே உள்ள ஆகாய தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். இது பூகோளத்தின் மேற்பரப்பில் இவ்விரண்டு ஸ்தலங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வில்லின் நீளமேயன்றி, விமானங்கள் மெய்யாகவே பறந்து கடக்கும் தூரமன்று.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தேசப்படத்தில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே நூல் பிடித்தால் அது அரேபியாவின் மீது செல்லும். உருண்டையின் மீது அதே நூலை இழுத்துப் பிடித்தாலோ மகாராஷ்டிரம், பாரசீகம், காஸ்பியன் கடல், காகசஸ் மலை, உக்ரைன் என வடக்கே வளைந்து போவதைக் காணலாம். உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரியில் யுத்தத்தால் மூடப்பட்டபடியால், பூகோள சாஸ்திரம் காட்டும் அந்த உத்தமமான மார்க்கம் இன்று காகிதத்தளவில்தான் இருக்கிறது.

மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்பது மணிக்குச் சற்று அதிகமான நேரமே ஆகவேண்டியிருக்க, ஏறுதல், இறங்குதல், சுற்றுவழி ஆகியவற்றோடு, மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் வீசும் பெருங்காற்றும் எதிர்ப்பதால், லண்டனுக்குப் போகப் பத்தரை முதல் பதினொன்றரை மணி நேரம் பிடிக்கிறது. அதே காற்று திரும்பும்போது பின்னின்று தள்ளுவதால் வருகை சற்றுச் சுருக்கம். குளிர்காலத்தில் லண்டன் கடிகாரம் ஐந்தரை மணி பின்தங்கியிருப்பதால், காலை ஆறு மணிக்குப் புறப்பட்டுப் பதினொரு மணி நேரம் பறந்தவர் அங்கே பதினொன்றரை மணிக்கே இறங்கிவிடுவார்.

டாட்டாவின் கராச்சி–சென்னைத் தபால் விமானம் 1932 அக்டோபர் 15 அன்று தொடங்கிய நாட்களில், லண்டனிலிருந்து கராச்சி வந்து சேரவே இம்பீரியல் ஏர்வேஸ் தபாலுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. அதை நினைத்தால் இன்றைய வேகம் ஆச்சரியமே. ஆயினும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பாலையொன்றிலிருந்து புறப்படும் பொறியாளருக்கு அந்த ஆச்சரியம் சற்றுத் தாமதமாகத்தான் வாய்க்கும். மீனம்பாக்கத்துக்கு அறுபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலை. விமானம் நான்கு நிமிஷத்தில் தாண்டுகிற அத்தூரத்தை லாரிகள் நெருக்கும் ஜி.என்.டி. சாலையிலும் நகர நெரிசலிலும் கார் கடக்க இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகக் கணக்கிடுவது புத்திசாலித்தனமாகாது. வெளிநாட்டுப் பிரயாணிகள் மூன்று மணி நேரம் முன்னதாக வரவேண்டுமென்பதையும் சேர்த்தால், ஆகாயத்தில் கழியும் பொழுதில் ஏறக்குறைய பாதி தரையிலேயே கரைந்துவிடுகிறது. தூர அட்டவணைகள் இதைச் சொல்வதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

இந்தச் சாலை நெரிசலைத் தவிர்க்க, திருவள்ளூர்க்காரர்கள் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து மெட்ரோவுக்கு மாறலாம். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்தார் சென்ட்ரல் வரை வரவேண்டியதில்லை: 2021 பிப்ரவரியில் நீட்டிக்கப்பட்ட மெட்ரோ, விம்கோ நகரிலிருந்து வண்டி மாறாமலே விமான நிலையத்தில் கொண்டு இறக்குகிறது.